பதினேழு மடிப்புகள்

கியோத்தோவின் தோஜி கோயில் வளாகத்தில் மாதா மாதம் 21-ஆம் தேதி சந்தை கூடும். அந்தக் கோயிலை வளர்த்த கூகாய் துறவி 835-ஆம் ஆண்டின் மூன்றாம் மாதம் 21-ஆம் நாள் மறைந்தார், அதனால் அந்தத் தேதி. பிற்காலத்தில் அவருக்குக் கோபோ தாய்ஷி என்று பட்டம் கிடைத்தது. ஊர்க்காரர்கள் சந்தையையே ‘கோபோ-சான்’ என்று, ஏதோ தெரிந்த பெரியவரைக் கூப்பிடுவதுபோல, கூப்பிடுகிறார்கள். ஊறுகாய், செடிக்கன்று, துருப்பிடித்த கத்தரிக்கோல், யாரோ கல்யாணத்துக்கு உடுத்திய கிமோனோ எல்லாம் தரையில் விரித்துக் கிடக்கும். விடியற்காலையிலேயே போய்விட வேண்டும். பத்து மணிக்கு மேல் போனால் மனிதத் தலைகளைத்தான் பார்க்கலாம்.

நான் போனது ஒரு ஜூன் மாதச் சந்தைக்கு. மழைக்காலம் தொடங்கிவிட்டது, தூறல். ஒரு கடைக்காரர் பழைய சுருள் ஓவியங்களைக் கரும்புக் கட்டு மாதிரி பிளாஸ்டிக் கூடையில் நிறுத்தி, மேலே நீலத் தார்ப்பாயைப் போர்த்தியிருந்தார். எதை எடுத்தாலும் 8,000 யென். நல்ல சரக்கு இப்படி மழையில் நிற்காது என்று எனக்கே தெரியும். ஆனாலும் கையை விட்டுத் துழாவினேன். மூன்றாவதாக எடுத்த சுருளை அவர் தன் மார்புக்கு நேராகப் பிடித்து அவிழ்த்துக் காட்டியபோது, நீளமான சாம்பல் நீலத் துணிக்கு நடுவில் ஒரு விசிறி இருந்தது. குச்சி இல்லாத, பிடி இல்லாத, விரித்த விசிறித் தாள் மட்டும். அதில் மையால் தீட்டிய மூன்று ஆயு மீன்கள். அவற்றுக்கு மேலும் கீழுமாக நீரோட்டத்தைக் காட்டும் மூன்று நீளக் கோடுகள். வலது ஓரத்தில் எனக்குப் படிக்கத் தெரியாத கையெழுத்தும், சிவப்பு வெளுத்த ஒரு முத்திரையும்.

“ஷிஜோ பாணி,” என்றார் கடைக்காரர், என் முகத்தைப் பார்க்காமலே. கோஷுன் என்ற ஓவியர் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கியோத்தோவின் ஷிஜோ தெருப் பக்கம் இருந்துகொண்டு வளர்த்த பாணி அது. இயற்கையைப் பார்த்து வரைவது, ஆனால் தூரிகையின் வேகம் தெரியும்படி வரைவது. நல்ல பாணிதான். என்ன சிக்கல் என்றால், யார் வரைந்தது என்று தெரியாத மீன், குருவி, மூங்கில் எல்லாவற்றையும் சந்தையில் ஷிஜோ பாணி என்றுதான் சொல்வார்கள். நம் ஊரில் பழைய வெண்கலச் சிலை எதைப் பார்த்தாலும் சோழர் காலம் என்பதுபோல.

பெட்டி கிடையாது. நல்ல சுருள் என்றால் கிரி மரத்தில் செய்த லேசான பெட்டி இருக்கும். அதன் மூடியில் ஓவியரோ பின்னால் வந்த ஒருவரோ எழுதிய பெயர் இருக்கும். பெட்டி இல்லாத சுருள் ஜாதகம் தொலைந்த பிள்ளை. 8,000 யென்னை எண்ணிக் கொடுத்துவிட்டு, பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு வந்தேன்.

எங்கள் வீட்டில் தோகோனோமா கிடையாது. சுருள் ஓவியமும் ஒரு பூஞ்சாடியும் வைப்பதற்கென்றே மரபான ஜப்பானிய அறையில் விடும் மாடம் அது. எங்களுடையது நான்காவது மாடியில் இரண்டு அறை. குளிர்சாதனப் பெட்டிக்கும் ஜன்னலுக்கும் நடுவே இருந்த சுவரில் தொங்கவிட்டேன். பருவத்துக்குப் பொருத்தம்தான். ஆயு கோடைக்கால ஆற்று மீன், விசிறியும் கோடைக்குரியது. புழுக்கத்தில் வருகிறவர் கண்ணுக்காவது குளிர்ச்சி தெரியட்டும் என்று இங்கே விசிறிப் படத்தை வெயில் காலத்தில் மாட்டுவார்கள். தவிர, விசிறிக்கு ‘சுஎஹிரோ’ என்று இன்னொரு பெயர் உண்டு. போகப்போக விரிவது என்று பொருள். அதனால் கல்யாணம், புத்தாண்டு என்றாலும் விசிறி வரும்.

வீட்டுக்கு வந்த நண்பர்களிடம் நான் காட்டிப் பெருமைப்பட்டது மீன்களை அல்ல, அந்தத் தண்ணீர்க் கோடுகளை. ஒரே இழுப்பில் போட்ட கோடு. ஆனால் நேராகப் போகாமல் சின்னச் சின்னதாக நடுங்கிக்கொண்டே போகும். “பாருங்க, தண்ணி நடுங்குது. எவ்வளவு பெரிய கை!” என்பேன். ஒரு குறை மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. மீன்கள் கொஞ்சம் நீளம். ஆயு ஒல்லியான மீன்தான், ஆனாலும் சந்தையில் பார்க்கிற ஆயு அவ்வளவு நீளமாக இருக்காது. ஓவியரின் சுதந்திரம் என்று அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தேன்.

நான் மழையில் நின்று பேரம் பேசிய அதே வளாகத்தில்தான் ஜப்பானின் பழைய விசிறிகளில் ஒன்று கிடைத்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தோஜியில் கிட்டத்தட்ட 6 மீட்டர் உயரத்தில் ஆயிரங்கைக் கன்னோன் சிலை ஒன்று இருக்கிறது. தமிழ்ப் பௌத்தர்கள் அவலோகிதன் என்று வணங்கியவரின் ஜப்பானிய வடிவம். அந்தச் சிலையின் ஒரு கைக்குள் இருந்து ஒரு விசிறியை எடுத்தார்கள். ஹினோக்கி மரத்தை மெல்லிய பட்டைகளாகச் சீவி, அடியில் கோத்துச் செய்தது. அதில் மையால் எழுதியிருந்த ஆண்டு நம் கணக்கில் 877. தாளே இல்லாத விசிறி. அரசவைக்காரர்கள் சடங்கு நடைமுறையை மறந்துவிடாமல் இருக்க மரப்பட்டைகளில் குறிப்பு எழுதி வைத்துக்கொள்வார்கள். அந்தப் பட்டைகளைச் சேர்த்துக் கட்டியதில்தான் மடக்கு விசிறி பிறந்தது என்று சொல்கிறார்கள். அப்படியானால் காற்று வாங்குவது பிறகு வந்த வேலை. முதலில் அது ஒரு குறிப்பேடு.

மூங்கில் குச்சியில் தாள் ஒட்டிய விசிறி அடுத்து வந்தது. ஒரு பக்கம் மட்டும் தாள், சில குச்சிகள். விரித்தால் வௌவால் இறக்கை மாதிரி இருந்ததால் ‘வௌவால் விசிறி’ என்றே பெயர். இது கடல் கடந்து சீனாவுக்குப் போனது. அங்கே இரண்டு பக்கமும் தாள் ஒட்டினார்கள். அந்த வடிவம் திரும்பி ஜப்பானுக்கு வந்தது. இரண்டு நாடுகளுக்கும் நடுவே பொருள்கள் சீனாவிலிருந்து இந்தப் பக்கம் வந்த கதைகளே அதிகம். மடக்கு விசிறி அந்தப் பக்கம் போன சொற்பப் பொருள்களில் ஒன்று.

குச்சிகள் சேரும் இடத்தில் இருக்கும் அச்சாணிக்கு ‘கானமே’ என்று பெயர். நண்டின் கண் போல இருந்ததால் ‘கானி நோ மே’, அதாவது நண்டுக் கண், என்று அழைத்து அது தேய்ந்து இப்படி ஆனது என்பார்கள். இன்றைக்கு ஜப்பானிய மொழியில் எந்த விஷயத்துக்கும் முக்கியமான இடத்தைக் ‘கானமே’ என்கிறார்கள். அலுவலகக் கூட்டத்தில் எங்கள் மேலாளர் மணிக்கு நான்கு தரம் சொல்லும் சொல். ஒவ்வொரு தரமும் எனக்கு நண்டு ஞாபகம் வருகிறது.

விசிறியில் முதலில் உடைவதும் அந்த நண்டுக் கண்தான். அது போனால் குச்சிகள் பிரிந்துவிடும். இல்லாவிட்டால் தாளின் மடிப்பு கிழியும். ஒரு கோடை, மிஞ்சினால் இரண்டு கோடை. விசிறி என்பது தூக்கிப் போடும் பொருள். ஆனால் அதில் படம் நன்றாக இருந்தால் மனசு வராது. தாளைக் குச்சியிலிருந்து உரித்து எடுத்து வைத்துக்கொள்வார்கள். பத்து இருபது சேர்ந்தால் மடக்குத் திரையில் சிதறலாக ஒட்டுவார்கள். ஒன்றே ஒன்று என்றால் சுருளில் ஏற்றித் தொங்கவிடுவார்கள். என் மூன்று மீன்களும் அப்படிக் குப்பையிலிருந்து தப்பியவை.

எல்லா விசிறிப் படமும் அப்படி வந்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். விசிறி வடிவம் பிடித்துப்போய், விசிறியாகவே ஆகாத தாளில் வரைந்ததும் ஏராளம். ஒசாகாவின் ஷிதென்னோஜி கோயிலில் 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தாமரைச் சூத்திரப் பிரதி ஒன்று இருக்கிறது. விசிறி வடிவத் தாள்களை நடுவில் மடித்துப் புத்தகமாகக் கட்டியிருக்கிறார்கள். அடியில் கிணற்றடிப் பெண்கள், சந்தை, அரண்மனைக்காரர்கள் என்று வண்ணப் படங்கள். அவற்றின் மேலேயே புத்தரின் சொற்கள். வேதவாக்குக்குப் பின்னால் ஊர் நடமாடிக்கொண்டிருக்கிறது. அந்தத் தாள்களில் ஒருபோதும் காற்று வந்ததில்லை. இப்படிப் பிறந்ததிலிருந்தே தட்டையாக இருக்கும் விசிறிகள் அழகுதான், இருந்தாலும் எனக்கு அவற்றின் மேல் ஒரு இளக்காரம் உண்டு. பாத்திரத்தில் ஏறாத சோறு மாதிரி.

விசிறிக்கு வரைந்தவர்களில் என்னைக் கட்டிப் போடுகிறவர் தவராயா சோதாத்சு. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கியோத்தோவில் வாழ்ந்தவர். பிறப்பு இறப்புத் தேதிகள் கிடையாது. தவராயா என்பது கடைப் பெயர். அந்தக் கடையில் விசிறி விற்றார்கள் என்பதே அவரைப் பற்றிக் கிடைக்கும் உருப்படியான தகவல்களில் ஒன்று. அக்காலத்து வேடிக்கைக் கதை ஒன்றில் ஐந்தாம் தெருவான கோஜோவின் தவராயா விசிறியும், அதில் வண்ணத்தை வாரி இறைத்து வரைந்த, ‘கெஞ்சி கதை’ என்ற பழைய ஜப்பானிய நெடுங்கதையின் காட்சியும் வருகின்றன. அந்தக் காட்சி யூகாவ் அத்தியாயம். கதையில் ஒரு பெண், கொடியில் பூத்த வெள்ளைப் பூவை வெறுங்கையில் கொடுத்தனுப்பாமல், நறுமணமேற்றிய வெள்ளை விசிறியின் மேல் வைத்து நாயகன் கெஞ்சியிடம் அனுப்புவாள். அவள் வீடு இருந்ததும் கோஜோ பக்கம்தான். கடையின் முகவரியையே படமாக வரைந்து விற்றிருக்கிறார்கள், சரியான வியாபாரி! இன்றும் கோஜோ பாலத்தின் மேற்குக் கரையில் ‘விசிறி மேடு’ என்று ஒரு நினைவுக்கல் நிற்கிறது. அங்கே இருந்த மியெய்தோ என்ற கோயிலில் விசிறி செய்தார்கள். போரில் மாண்ட இளைஞன் தாய்ரா நோ அத்சுமோரியின் மனைவி துறவியாகி அங்கே வந்து விசிறி மடித்தாள் என்பது வழிவழிக் கதை. பாலத்தில் கார்கள் போகும் வேகத்தில் அந்தக் கல்லை யாரும் பார்ப்பதில்லை.

சோதாத்சுவிடம் அப்படி என்ன இருக்கிறது? விசிறித் தாளுக்கு நேர்க்கோடான மேலும் இல்லை, கீழும் இல்லை. மேலே பெரிய வளைவு, கீழே சின்ன வளைவு. பக்கவாட்டுக் கோடுகள் இரண்டும் சாய்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளியை நோக்கி ஓடும். சாதாரண ஓவியர் இந்தத் தாளில் ஒரு செவ்வகப் படத்தை மனசுக்குள் வரைந்துகொண்டு ஓரங்களை வெட்டிவிடுவார். மரம் செங்குத்தாக நிற்கும், தரை கிடையாக இருக்கும், விசிறி ஒரு விநோதமான ஜன்னல் ஆகிவிடும். சோதாத்சு தரையை வளைத்துவிடுவார். மரம் குச்சி போகும் திசையில் சாயும், மனிதர்கள் வளைவைப் பிடித்து ஓடுவார்கள், மாட்டு வண்டி உருளும். மொத்தப் படமும் அந்த இல்லாத அச்சாணியைச் சுற்றிச் சுழலும். தாய்கோஜி கோயிலில் அவர் பாணியில் 11 விசிறிகள் ஒட்டிய திரை இருக்கிறது. குச்சி ஒன்றுகூட இல்லாமலே ஒவ்வொரு படத்துக்கும் அச்சாணி எங்கே இருந்திருக்கும் என்று விரல் வைத்துக் காட்டலாம்.

இன்னொருவர் இகே நோ தாய்கா. 1723-இல் பிறந்தவர். பின்னாளில் பெரிய பெயர். இளம் வயதில் விசிறியில் படம் வரைந்து விற்றுத்தான் பிழைத்தார். சீன பாணியில் வரைந்த விசிறிகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு பக்கத்து மாநிலங்களுக்கு நடந்தாராம். யாருக்கும் அந்தப் படங்கள் புரியவில்லை, ஒன்றும் விற்கவில்லை. திரும்பும் வழியில் பீவா ஏரியின் வாயில் இருக்கும் செத்தா பாலத்தில் நின்று, இருந்த விசிறி அத்தனையையும் நாகராஜனுக்குக் காணிக்கை என்று தண்ணீரில் வீசிவிட்டாராம். கதைதான். ஆனால் இந்தக் கதையைக் கேட்ட நாளிலிருந்து எந்தப் பழைய விசிறிப் படத்தைப் பார்த்தாலும், தண்ணீரோடு போனவை எத்தனையோ என்று தோன்றுகிறது.

என் மீன்களுக்கு வருகிறேன். இரண்டாவது வருஷ மழைக்காலத்தில் விசிறியின் இடது மூலை துணியிலிருந்து பெயர்ந்து நிமிர்ந்தது. கீழ் வளைவில் ராமபாணப் பூச்சி மேய்ந்த தடமும் தெரிந்தது. தப்பு என்னுடையதுதான். சுருள் என்பது சில வாரம் தொங்கி, மிச்ச நாளெல்லாம் சுருண்டு பெட்டிக்குள் தூங்க வேண்டிய பொருள். நான் அதைக் காலண்டர் மாதிரி வருஷம் பூராவும் தொங்கவிட்டிருந்தேன். அலுவலகத்தில் ஒரு பெண்மணி தன் மாமனாருக்குத் தெரிந்தவர் என்று ஒரு ஹ்யோகுஷியின் முகவரியைக் கொடுத்தார்.

ஹ்யோகுஷி என்றால் சுருள் கட்டுகிறவர். ஓவியத்தின் பின்னால் தாள் ஒட்டி, சுற்றிலும் துணி வைத்து, மேலே ஒரு கட்டை, கீழே உருளை மாட்டித் தருபவர். எழுபது வயதிருக்கும். குறுகலான பழைய மரவீடு. தரையில் உட்கார்ந்து வேலை செய்யும்படி தாழ்வான, சிவப்பு அரக்குப் பூசிய நீள மேசை. அறையின் சுவர் பூராவும் தாள் ஒட்டிய பலகைகள். காரிபாரி என்பார்கள். மரச் சட்டத்தில் பல அடுக்குத் தாள் ஒட்டி, மேலே பழுக்காத சீமைப் பனிச்சைப் (பெர்சிமன்) பழத்தின் துவர்ப்புச் சாற்றைப் பூசிய பலகை. ஈர ஓவியத்தின் ஓரங்களை மட்டும் அதில் ஒட்டி, வாரக்கணக்கில் இழுத்துப் பிடித்துக் காயவிடுவார்கள்.

பசையைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். கோதுமை மாவிலிருந்து பிரித்த மாச்சத்தைக் கடுங்குளிர் நாளில் காய்ச்சி, ஜாடியில் மூடி, பத்து வருஷம்போல விட்டுவிடுகிறார்கள். வருஷத்துக்கு ஒருமுறை மேலே படிந்த பூஞ்சணத்தை எடுத்துத் தண்ணீர் மாற்றுவது மட்டும்தான் வேலை. ஃபுருனோரி, பழம்பசை. நான் பள்ளிக்காலத்தில் மைதாப் பசை காய்ச்சிப் போஸ்டர் ஒட்டிய கூட்டத்தில் இருந்தவன். பிடித்தால் சுவரோடு வரவேண்டும் என்பதுதான் எங்கள் தர்மம். இவருடைய பசை நேரெதிர். வயசாக ஆகப் பிடிப்பு குறைகிறது. அந்தக் குறைவுக்காகத்தான் பத்து வருஷம் காத்திருக்கிறார்கள். அடுக்கு விறைக்காமல் சுருளும். நூறு வருஷம் கழித்து இன்னொருவர் ஈரம் காட்டினால் ஓவியத்துக்குக் காயமில்லாமல் பிரிந்து வரும். பிடிப்பு போதாத குறைக்கு, கனமான தூரிகையால் பின்பக்கத்தைத் தட்டித் தட்டித் தாளின் நார்களைக் கோத்துவிடுகிறார்கள். அந்தத் தட்டல் சத்தம் வீதி வரை கேட்டது.

சுருளைப் பிரித்து மேசையில் போட்டார். முதலில் அவர் பார்த்தது படத்தை அல்ல, துணியை. மேலும் கீழும் ஓடும் மெல்லிய பட்டுப் பட்டைக்கு இச்சிமோஞ்ஜி என்று பெயர். வழக்கமாகச் சுருளிலேயே நல்ல பட்டு அதற்குத்தான் போகும். என்னுடையதில் அது சாதாரணச் சரக்கு. “தறி இயந்திரம் வந்த பிறகு கட்டியது. படம் துணியைவிடப் பழசு,” என்றார். விசிறியைத் துணிக்குள் வெட்டிப் பதிக்காமல், ஒரு தாளின் மேல் அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். அதனால் வளைவின் ஓரம் முழுக்க ஒரு படி. சுருட்டும்போதெல்லாம் அந்தப் படியில் இழுபடும். மூலை பெயர்ந்த காரணம் அது.

நான் கேட்க நினைத்ததைக் கேட்டேன். “எப்படியும் பிரிக்கப் போகிறீர்கள். இந்த மடிப்புத் தடத்தையெல்லாம் போக்கிவிட முடியுமா? நேராகப் பார்த்தால் தெரியவில்லை, சாயங்கால வெயில் பட்டால் வரிவரியாகத் தெரிகிறது.”

முடியும் என்றார். ஈரம் கொடுத்துப் பழைய தாளை உரித்து, மினோ தாளில் புதிதாக முதல் அடுக்கு போட்டு, ஒவ்வொரு மடிப்புக்கும் பின்னால் மெல்லிய தாள் கீற்று ஒட்டி, காரிபாரியில் இழுத்துக் காயவைத்தால் தட்டையாகிவிடும். செலவு நான் கொடுத்த 8,000 யென்னைப் போலப் பல மடங்கு. அதைச் சொல்லிவிட்டு ஜன்னல் கதவைச் சாத்தினார். ஒரு டார்ச்சை எடுத்து மேசையோடு மேசையாகப் படுக்க வைத்து எரியவிட்டார்.

வெளிச்சம் பக்கவாட்டில் வந்ததும் என் படம் உழுத வயல் ஆகிவிட்டது. மடிப்புகள் பதினேழு. ஒன்று விட்டு ஒரு பட்டையில், கீழிருந்து முக்கால் உயரம் வரை பழுப்பான ஒரு நிழல் எழும்பி நின்றது. அது குச்சி இருந்த இடம். விசிறித் தாள் ஒற்றைத் தாள் அல்ல, அடுக்கு. நடு அடுக்கைப் பிளந்து அதற்குள் குச்சியைச் செருகுவார்கள். கியோத்தோ விசிறிக்காரர்கள் ஒரு விசிறி 87 முறை கைமாறும் என்று சொல்வது வழக்கம். அந்த 87-இல் இந்தச் செருகலும் ஒன்று. மேல் வளைவின் விளிம்பில் ஒவ்வொரு மடிப்பும் நைந்து, நார் பஞ்சாகக் கிளம்பியிருந்தது. “பயன்படுத்தியிருக்கிறார்கள். கொஞ்ச நாள் அல்ல,” என்றார்.

பிறகு என் தண்ணீர்க் கோட்டின் மேல், தொடாமல், ஒரு மூங்கில் குச்சியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “இந்த நடுக்கத்தை என்னவென்று நினைத்தீர்கள்?”

தண்ணீரின் அசைவு என்றேன். அவர் சிரிக்கவில்லை, அது இன்னும் சங்கடமாக இருந்தது. கோடு ஒரு மடிப்பில் தடிக்கிறது, அடுத்த மடிப்பில் விட்டுப்போகிறது. மறுபடி தடிப்பு, மறுபடி இடைவெளி. கோடு முழுக்க இதே தாளம். குச்சியை வலது ஓரத்துக்கு நகர்த்தினார். கையெழுத்திலும் மேலிருந்து கீழே வரும் கோடுகள் சுத்தமாக இருக்க, குறுக்குக் கோடுகள் அதே இடங்களில் முறிந்திருந்தன. தண்ணீருக்கு நடுக்கம் சரி, பெயருக்கு எதற்கு நடுக்கம்?

கடையில் விற்கும் விசிறிக்குத் தட்டைத் தாளில்தான் படம் வரைவார்கள். அதன் பிறகுதான் மடிப்பு. துவர்ச்சாறு ஊறிய இரண்டு மடிப்பு அச்சுத் தாள்களுக்கு நடுவே ஈரத் தாளை வைத்துச் சேர்த்து மடிப்பார்கள். அப்படிச் செய்த விசிறியில் கோடு மடிப்பைக் கடக்கும்போது தடுமாறாது, பின்னால் வண்ணம் உதிரலாம், அவ்வளவுதான். என்னுடையது வேறு. வெள்ளை விசிறி முதலிலேயே செய்து முடிந்திருந்தது. விருந்திலோ, தேநீருக்குப் பிறகோ, யாரோ அதை விரித்து ஓவியர் முன்னால் நீட்டியிருக்கிறார்கள். அவர் மேட்டிலும் பள்ளத்திலும் தூரிகையை இழுத்திருக்கிறார். மேட்டில் மை அப்பியது. பள்ளத்துக்குள் தூரிகை இறங்கவில்லை. உட்கார்ந்த இடத்தில் கேட்டதும் போட்டுக் கொடுப்பது அந்தக் கால ஓவியர்களுக்குச் சாதாரணம்.

இரண்டு வருஷமாக நான் சிலாகித்தது தாளின் மடிப்பை. இதை வெளியே சொல்ல வெட்கம்தான். வந்து பார்த்துத் தலையாட்டிய நண்பர்கள் மன்னிக்கட்டும்.

“மீன் நீளமாக இருக்கிறதே?” என்று கேட்டேன், எதையாவது காப்பாற்றிக்கொள்ள. பெரியவர் ஒரு துண்டுத் தாளை முன்னும் பின்னுமாக மடித்து, விரல் நுனியில் பாதி விரித்துக் காட்டினார். விசிறி எவ்வளவு விரித்தாலும் தட்டையாகாது. மடிப்பு மேடாகவும் பள்ளமாகவும் நின்றுகொண்டுதான் இருக்கும். அந்தக் குறுகிய அகலத்தைப் பார்த்துத்தான் ஓவியர் மீனின் நீளத்தை அளந்தார். பின்னால் ஒருவர் தாளை உரித்து இழுத்து ஒட்டியபோது மீனும் சேர்ந்து நீண்டுவிட்டது. இப்போது நான் பார்த்துக்கொண்டிருக்கும் மீனை வரைந்தவர் பார்த்ததே இல்லை.

“போக்கிவிடட்டுமா?” என்றார், மடிப்புகளைக் காட்டி.

வேண்டாம் என்றேன். மூலையை மட்டும் பழம்பசையில் ஒட்டி, பூச்சி தின்ற இடத்துக்கு அடியில் தாள் கொடுத்து, உருளையின் மேல் மாட்டிச் சுற்றளவைக் கூட்டும் தடித்த கட்டை ஒன்றையும் செய்து கொடுத்தார். ஃபுதோமாகி என்று அதற்குப் பெயர். பெரிய வளையமாகச் சுருண்டால் தாளுக்கு வலி குறைவு. ஒரு கிரி பெட்டியும் வாங்கச் சொன்னார். மூடியில் என்ன எழுதலாம் என்று கேட்டதற்கு, எதுவும் எழுதாதீர்கள் என்றார். பெயர் தெரியாத படத்துக்குப் பெட்டியில் பெயர் ஏறினால் அடுத்த தலைமுறையில் அது பொய்யாகிவிடுமாம். சுருள் சந்தையில், கோஷுன் காலத்துப் பெரிய ஓவியர் ஓக்யோவின் பெயரிலும் கோஷுன் பெயரிலும் புழங்கும் போலிகளை நினைத்தால் அவர் சொன்னது நியாயம்தான்.

வீட்டுக்கு வந்த அன்றைக்கே சுருளை மேசையில் விரித்து, நேர் மேலிருந்து படம் எடுத்தேன். கீழே கன்வீனியன்ஸ் கடையில் அசல் அளவுக்குத் தோராயமாக வரும்படி ஏ3 தாளில் அச்செடுத்தேன். விசிறி வளைவோடு கத்தரித்து, படத்தில் தெரிந்த பதினேழு தடங்களிலும் ஒன்றை முன்னால், ஒன்றைப் பின்னால் மடித்தேன். சின்ன வயதில் கரண்ட் போன ராத்திரிகளில் கணக்கு நோட்டைக் கிழித்து மடிப்போமே, அதே கை. கோடு தடித்த இடங்களெல்லாம் மேடாக வந்தன, விட்ட இடங்களெல்லாம் பள்ளத்துக்குள் போயின. கீழ்முனையை ஒரு துணி கிளிப்பில் பிடித்து விரித்தேன்.

தண்ணீர்க் கோடு மூன்றும் நடுங்காமல் ஓடின. மீன்கள் சுருங்கி, சந்தையில் பார்க்கும் ஆயுவின் அளவுக்கு வந்து நின்றன. நடு மீனின் வால் கொஞ்சம் திரும்பியிருந்தது எனக்கு அதுவரை தெரியாது. மனைவியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஜூலை மாதம், ஏசி ரிப்பேர், அவள் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு நிமிஷம் பார்த்தாள். கையிலிருந்து வாங்கிக் கழுத்துப் பக்கம் நாலு வீசு வீசிக்கொண்டாள்.

“காத்து நல்லா வருதுங்க,” என்றாள். “இன்னொண்ணு போட்டுக் குடுங்க, இது எனக்கு.”